சிடுமூஞ்சிகளை நம்பலாம்

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டுப் பேசியவர்கள் எல்லோரும் 'அன்பானவர், இனிமையானவர்' என்று மாறி மாறிச் சொன்னபோது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வருடம் ஒழுங்காகத்தானே இருந்தார்கள், இன்றைக்கு என்ன வந்தது, என் ஓய்வூதியக் கோப்பில் ஏதாவது கோளாறு செய்து வைத்திருக்கிறார்களா என்று மறுநாளே போய் விசாரித்தேன். ஒன்றும் இல்லை. ஆனாலும் விசாரித்தது தப்பில்லை.

என்மேல் யாராவது வள்ளென்று விழுந்தால் நான் கவலைப்படுவதில்லை. குழைந்து பேசினால்தான் கை தானாகப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். எங்கள் தெரு மளிகைக்காரர் எரிச்சலில் இருக்கும் நாளில் நான் எடையைப் பார்ப்பதே இல்லை. 'வாங்கம்மா, என்ன ரொம்ப நாளாக் காணோம்' என்று பல்லைக் காட்டுகிற நாளில் தராசை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. இது ஒரு வியாதி என்கிறான் என் மகன். இருக்கட்டும். தஞ்சாவூர் ஜில்லாவில், நன்னிலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், என் அம்மாவிடமிருந்து எனக்குத் தொற்றிக்கொண்ட வியாதி அது.

எங்கள் பக்கத்தில் மனிதர்களின் சிடுசிடுப்பை நெல் ரகம் பிரிப்பதுபோலப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு சொல் நிற்க வேண்டிய இடத்தில் இன்னொன்றை வைத்தால் சிரிப்பார்கள். சிடுமூஞ்சி என்றால் அது முகத்தின் குணம். காலையில் எழுந்து பல் விளக்கும்போதே அப்படித்தான் இருக்கும், அதற்கு யாரும் காரணம் இல்லை. எரிந்து விழுவது வேறு. அதற்குக் காரணம் எங்கேயோ இருக்கும். மாடு படுத்துவிட்டது, மாமியார் ஏதோ சொல்லிவிட்டாள். யார்மேல் விழுகிறார்களோ அவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. முசுடு என்று பெரும்பாலும் ஆண்களைத்தான் சொல்வோம். கேட்டதற்குப் பதில் வராது, வந்தால் 'வராமலே இருந்திருக்கலாம்' என்று தோன்றும். முகவாய்க்கட்டையைத் தோளில் இடித்துக்கொண்டு நொடிப்பது பெண்களுக்கு. குத்தல் பேச்சு சிரித்துக்கொண்டே வரும்; வீட்டுக்குப் போய்ப் பாய் விரித்துப் படுத்த பிறகுதான் வலிக்கும். என் பட்டியலில் குத்தலுக்கு மரியாதை கிடையாது. அதில் சிரிப்பு கலந்திருக்கிறது.

வெடுக்கு என்பது இவை எதிலும் சேராது. வெடுக்கென்று பேசுகிறவர்கள் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை, வைத்துக்கொள்ள இடமே இருப்பதில்லை. உள்ளே தோன்றிய மறுநொடி அது வெளியே கிடக்கும். 'அவ கொஞ்சம் வெடுக்கு' என்று ஒருத்தியைப் பற்றிச் சொன்னால், அவளிடம் ஒரு படி அரிசி கடன் கேட்கலாம், ஆனால் காது கொடுத்துவிட்டு வரவேண்டும் என்று பொருள்.

இந்தப் பக்கம் இத்தனை சொல் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். அளவுக்கு மேல் இனிமையாக இருப்பதற்கு எங்களிடம் என்ன சொற்கள் இருக்கின்றன? குழைகிறான், இழைகிறான், வழிகிறான், பசப்புகிறான். ஒன்றாவது நல்லபடி இருக்கிறதா? இந்த மொழியைப் பேசியவர்கள் எல்லோருமே என் அம்மாவைப்போல யாரிடமோ ஏமாந்தவர்களாக இருக்க வேண்டும்.

என் அம்மா வெடுக்கு. ஊர் ஒப்புக்கொண்ட வெடுக்கு. அப்பாவோ நேர் எதிர். அவரை 'சாது' என்பார்கள், 'வாயில்லாப் பூச்சி' என்பார்கள். அப்பாவின் அப்பா பண்ணையாளாக இருந்தவர். மிராசுதார் வீட்டு மாட்டுக்கொட்டகையிலேயே பாதி வாழ்நாள் கழிந்தது அவருக்கு. அப்பா காலத்தில் அதே மிராசுதாரின் ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்கு வாங்கி, நாங்களே விதை போட்டு, நாங்களே உழுது, நாங்களே அறுத்து, குத்தகை நெல்லை அளந்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் நிலைக்கு வந்திருந்தோம். நிலைமை மாறியதே தவிர அப்பாவின் நாக்கு மாறவில்லை. மிராசுதார் பக்கத்து மனிதர் யாரைக் கண்டாலும் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும், வாயில் 'ஆண்டே' வந்துவிடும். விளைச்சல் எப்படி என்று கேட்டால், இடுப்பு ஒடிய உழைத்தவர், 'ஆண்டை புண்ணியத்துல ஏதோ வெளஞ்சிருக்குங்க' என்பார். அம்மாவுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். 'அவரு புண்ணியம் களை பறிச்சுதா?' என்பாள். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்.

அம்மாவுக்கு ஒரு எதிரி உண்டு. எங்கள் வயலுக்குத் தலைமாட்டில் அடுத்த வயல்காரர். மலேயாவில் கடை வைத்திருந்து, விற்றுவிட்டு வந்து, அந்தப் பணத்தில் எங்கள் ஊரில் கொஞ்சம் நிலம் வாங்கியிருந்த பாய். வீடு பக்கத்து ஊரில், பள்ளிவாசல் தெருவில். தினமும் சைக்கிளில் வந்து வயலைப் பார்ப்பார். ஊரில் அவரை மலேயாக்காரர் என்பார்கள், அவர் இல்லாதபோது முசுட்டுப் பாய் என்பார்கள். சலாம் சொன்னால்கூட 'என்ன வேணும்' என்று கேட்கிற முகம். அவருடைய வயலுக்கும் எங்கள் வயலுக்கும் ஒரே கன்னி வாய்க்காலில்தான் தண்ணீர். மேலே இருக்கிறவர் மடையைத் திறந்து பாய்ச்சிக்கொண்டு, முறை முடிந்ததும் மண் போட்டு அடைத்தால்தான் கீழே எங்களுக்கு வரும். அவர் அடைக்கமாட்டார். மறந்துவிட்டது என்பார். அம்மா மண்வெட்டியோடு போய் அவருடைய மடையை அவளே அடைத்துவிட்டு வருவாள். அவர் வந்து பார்த்துவிட்டுப் பிடுங்கிப்போடுவார். அப்புறம் ஆரம்பிக்கும்.

'ஏம்மா, என் மடையில கை வெக்க நீ யாரு?'

'ஒங்க மடைதான். தண்ணி ஒங்க மடையில பொறந்துச்சா? மேட்டூருலேர்ந்து வருது.'

'பொம்பளையா நீ? வாயா அது?'

'வாய் இல்லன்னா ஒங்க வயலு மட்டும்தான் பாய் வெளையும் இந்த ஊருல.'

வரப்பில் நின்று நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பள்ளி இறுதி முடித்துவிட்டு வீட்டில் இருந்த காலம் அது, அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோவது என் வேலை. சண்டை நடக்கும்போது தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். குறுவைக்கும் சண்டை, தாளடிக்கும் சண்டை. நடவு நட்ட பெண்கள் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்பார்கள். அவர்களுக்கு அது ஒரு ஓய்வு.

ஆட்சி மாறியிருந்த காலம். மேடைக்கு மேடை உழுகிறவனைப் பற்றிப் பேசினார்கள். கறுப்பு சிவப்புக் கொடி ஒரு பக்கம் பறந்தது, முழுச் சிவப்புக் கொடி ஒரு பக்கம் பறந்தது. அறுப்புக் கூலிக்கு ஊருக்கு ஊர் தகராறு. வெளியூர் ஆட்களை லாரியில் இறக்குவார்கள், பின்னாலேயே போலீஸ் வேன் வரும். எங்களுக்குக் கிழக்கே சில ஊர்களில் நடந்ததைப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். புது ஆள் யாராவது தெருவுக்குள் வந்தால் யார் ஆள், எந்தப் பக்கம் என்றுதான் முதலில் பார்த்தோம். அம்மா எல்லோரையும் சந்தேகப்பட்டாள். எனக்கும் அது சுலபமாக வந்தது.

அந்தச் சமயத்தில்தான் சட்டம் வந்தது. குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைச் சர்க்கார் பதிவு செய்யும். பதிவாகிவிட்டால் நிலத்துக்காரர் நினைத்த நேரத்தில் வெளியே போகச் சொல்ல முடியாது. எங்களிடம் குத்தகைச் சீட்டு என்று ஒன்றும் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சு. 'இது குத்தகை இல்லை, நானே பண்ணை வைத்துச் சாகுபடி செய்கிறேன், இவர்கள் என் கூலியாட்கள்' என்று மிராசுதார் தரப்பில் சொல்லி, அதை அதிகாரி ஏற்றுக்கொண்டால் ஐந்து மாவும் போய்விடும். தாத்தா இருந்த இடத்துக்கே அப்பா திரும்பிப் போக வேண்டும். எங்களுக்கு வேறு நிலமும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது.

மிராசுதார் சென்னையில் இருந்தார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. நாங்கள் பார்த்தது அவருடைய காரியஸ்தரைத்தான். நிலங்களைக் கவனிப்பது, குத்தகை அளப்பது எல்லாம் அவர்தான். களத்துமேட்டில் அவர் குரல் கேட்டால் அப்பாவுக்கு வியர்க்கும். 'ஏன்டா, பதரையா அளந்து போடுற? கண்ணு தெரியல?' என்றுதான் பேச்சே தொடங்கும். வாயைத் திறந்தால் வசவு. ஊரில் யாரும் அதைச் சிடுசிடுப்பு என்று சொல்லத் துணிந்ததில்லை. 'கறாரான மனுசன்' என்பார்கள். நிலம் கையில் இருந்தால் எரிந்து விழுவதற்குக்கூட நல்ல பெயர் கிடைக்கிறது.

அந்தக் கறாரான மனுசன் ஒரு நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் தெருவுக்கே வந்தார். அதுவரை அவர் கால் பட்டிராத தெரு. எங்கள் வாசலில் நின்று, 'என்னப்பா, சாப்ட்டாச்சா?' என்றார் அப்பாவைப் பார்த்து. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த வாழைத்தாரை அவரே அவிழ்த்து வைத்தார்.

'நமக்குள்ள எதுக்குப்பா சர்க்காரு, பதிவெல்லாம்? நீ வேற, நாங்க வேறயா? அதிகாரி வந்து கேட்டா எப்பவும் பேசற மாதிரி மரியாதையாப் பேசு. அது போதும்.'

'ஆண்டை சொன்னா சரிங்க' என்றார் அப்பா.

அவர் தெருமுனை திரும்பும்வரை அம்மா அசையாமல் நின்றாள். அவர் எத்தனையோ முறை திட்டி அவள் பயந்து நான் பார்த்ததில்லை. அன்றுதான் பயந்தாள்.

'அப்பான்னு கூப்புடுறான்டி' என்றாள் என்னிடம். 'ஒங்கப்பனை அப்பான்னு கூப்புடுறான். நெலம் போச்சு.'

அப்பாவோ பூரித்துப் போயிருந்தார். ஆண்டை வீடு தேடி வந்துவிட்டாரே என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். வாழைத்தாரை அம்மா யாரையும் தொடவிடவில்லை. ஒரு சீப்பை ஆட்டுக்குப் போட்டுவிட்டு, சாயங்காலம்வரை ஆட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அதற்கப்புறம் ஒரு வாரச்சந்தை நாள். நன்னிலத்திலிருந்து அம்மாவும் நானும் பஸ்ஸில் வந்து இறங்கினோம். பஸ் நிற்கிற இடத்து டீக்கடை பெஞ்சில் காரியஸ்தரும் மலேயாக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மலேயாக்காரர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல, காரியஸ்தர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது இரண்டு டீக்கும் காசு கொடுத்தது காரியஸ்தர். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

'அவன் பெத்த தாய்க்கு டீ வாங்கித் தரமாட்டான். இவனுக்கு வாங்கித் தர்றான்னா என்ன அர்த்தம்?'

என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரிந்திருந்தது. பதிவுக்கு முன்னால் அதிகாரி நடத்தும் விசாரணையில் பக்கத்து வயல்காரரைக் கேட்பார்கள். யார் உழுதார்கள், யார் அறுத்தார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். எங்கள் பக்கத்து வயல்காரரோ அம்மாவிடம் பேச்சு வாங்காத பருவமே கிடையாது.

அம்மாவை நிலைகுலைய வைத்தது அடுத்த வாரம் நடந்த விஷயம். முறை முடிந்த காலையில் மண்வெட்டியோடு போனவள் கொஞ்ச நேரத்திலேயே திரும்பி ஓடிவந்தாள். யாரோ அடித்துவிட்டார்களோ என்று பதறிப்போய்க் கேட்டேன்.

'மடைய அடைச்சிருக்கான்டி!'

'யாரு?'

'அவன்தான். அவனா அடைச்சிருக்கான். நல்லா மிதிச்சு அடைச்சிருக்கான். நம்ம வயலுக்குத் தண்ணி தளும்பத் தளும்ப வருது.' அவள் உட்கார்ந்துவிட்டாள். 'என்னமோ நடக்கப்போவுது.'

நான் போய்ப் பார்த்தேன். வாய்க்கால் நிறையத் தண்ணீர் எங்கள் வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் தன் வரப்பில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. நானும் பயந்துதான் வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து விசாரணை நாள்வரை மடையில் சண்டையே இல்லை. நடவுப் பெண்கள்கூட என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கரையேறிப் போய் அவரை வம்புக்கு இழுத்துப் பார்த்தாள். 'இந்தப் பாய்க்கு வாய் என்ன வாடகைக்கா போயிருக்கு?' என்று காதுபடச் சொன்னாள். அவர் காது கேளாதவர் மாதிரி போய்விட்டார்.

விசாரணை ஊர்ச் சாவடியில் நடந்தது. நன்னிலத்திலிருந்து அதிகாரி வந்திருந்தார், கூட எழுதுகிறவர் ஒருவர். மேசைக்கு ஒரு பக்கத்தில் காரியஸ்தர் நாற்காலியில் இருந்தார். நாங்கள் தூணோரம் நின்றோம். அன்றும் காரியஸ்தர் அப்பாவைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார்.

முதலில் அப்பாவைக் கூப்பிட்டார்கள். 'சொல்லுங்க, இந்த நெலத்துல நீங்க யாரு? என்ன பண்றீங்க?' என்று கேட்டார் அதிகாரி. அவர் நல்லபடியாகத்தான் கேட்டார். அப்பா அதிகாரியைப் பார்க்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, காரியஸ்தரைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

'நாங்க ஆண்டை வூட்டு ஆளுங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து அவங்க உப்பத் தின்னு வளந்தவங்க. நெலம் அவங்களோடது. சொல்ற வேலையச் செஞ்சிட்டுக் கெடக்கறோம்.'

எழுதுகிறவர் எழுதினார். அதிகாரி அதைத் திரும்ப வாசித்தார்: 'நான் மிராசுதாரின் பண்ணை ஆள். நிலம் அவருடையது. அவர் சொல்லும் வேலையைச் செய்கிறேன்.' வாசித்துவிட்டு, 'சரிதானே?' என்றார்.

அப்பா பொய் சொல்லவில்லை. அப்பா மரியாதை செய்தார். எங்கள் ஜனங்கள் நிலத்துக்காரர் முன்னால் வேறு எப்படிப் பேசியிருக்கிறார்கள்? 'நான் சாகுபடி செய்கிறேன்' என்று ஆண்டை முகத்துக்கு நேரே சொல்வது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பதற்குச் சமம். இது காரியஸ்தருக்குத் தெரியும். எப்பவும் பேசுகிற மாதிரிப் பேசு என்று அவர் வாழைத்தாரோடு வந்து கேட்டது இதைத்தான். தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அப்பாமேல் வந்த கோபத்தில் அழுகையே வந்துவிட்டது.

'யோவ், என்ன பேசற நீ? யாரு வெதச்சது? யாரு உழுதது?' அம்மா மேசைவரை போய்விட்டாள்.

'அம்மா, நீங்க தள்ளி நில்லுங்க. கூப்பிட்டாப் பேசலாம்' என்றார் அதிகாரி.

காரியஸ்தர் குரலை உயர்த்தவே இல்லை. 'அது அப்படித்தான் சார். வாயி ஜாஸ்தி. ஊருல யாருக்கும் அடங்காது. அந்தாளு சாது, உண்மையச் சொல்லிட்டான். வேணும்னா பக்கத்து வயக்காரரைக் கேளுங்க, வரச்சொல்லியிருக்கேன்' என்றார்.

மலேயாக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

'இந்தக் குடும்பத்தை உங்களுக்குத் தெரியுமா?' என்றார் அதிகாரி.

'தெரியுமாவா? இந்தம்மாவோட கத்திக் கத்தித்தான் சார் என் தொண்டை இப்படி ஆயிப்போச்சு. மடையில மண்ணப் போடும். எடுத்தா மறுபடி போடும். ஒரு முறை தண்ணி பாய்ச்ச விடாது. பொல்லாத பொம்பளை.'

காரியஸ்தர் அதிகாரியைப் பார்த்து, சொன்னேன் இல்லையா என்பதுபோலக் கையை விரித்தார்.

'சரி, கூலிக்குத்தானே வேலை பாக்கறாங்க?' என்றார் அதிகாரி.

'யாரு, இந்தம்மாவா?' மலேயாக்காரருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. 'கூலிக்காரிக்கு என்ன சார் வந்துச்சு? பயிரு காஞ்சா காயுது, பொழுது சாஞ்சா கூலிய வாங்கிட்டுப் போவா. விடியறதுக்கு முன்னாடி மண்வெட்டியத் தூக்கிட்டு வந்து என் மடைய அடைக்க அவளுக்கு என்ன தலையெழுத்தா? நான் வயல் வாங்குன நாள்லேர்ந்து இந்தக் குடும்பத்தோடதான் சண்டை போடறேன். பண்ணைச் சாகுபடின்னா பண்ணைக்காரன்ல வந்து என்னோட சண்டை போட்டிருக்கணும்? இவரு ஒரு நாளாவது தண்ணிக்கு வந்து நின்னாரான்னு கேளுங்க. வயிறு எரியறவதான் சார் இப்படிக் கத்துவா.'

அம்மா கண்ணைத் திறந்திருந்தாள்.

'பாய், அன்னிக்கு டீக்கடையில என்கிட்ட வேற மாதிரி சொன்னீங்களே' என்றார் காரியஸ்தர். குரலில் குழைவு போயிருந்தது.

'வேற மாதிரி என்ன சொன்னேன்? இந்தம்மா பொல்லாதவன்னு சொன்னேன். இப்பவும் அதத்தான் சொல்றேன், எழுதிக்கங்க' என்றார் அவர் எழுதுகிறவரிடம்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அப்பாவை மறுபடி கூப்பிட்டார். 'இங்க பாருங்க. அவரைப் பாக்காதீங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க. இந்த நெலத்தைச் சாகுபடி பண்றது யாரு?'

பழக்கத்தில் அப்பாவின் கை துண்டைத் தேடியது, அது ஏற்கெனவே இடுப்பில் இருந்தது. காரியஸ்தர் சிரித்தபடியே, 'சொல்லுப்பா' என்றார். அந்த 'அப்பா'தான் என் அப்பாவை என்னவோ செய்தது என்று நினைக்கிறேன். அல்லது எவனோ ஒரு பக்கத்து வயல்காரன் சொன்ன அளவுகூடத் தான் சொல்லவில்லையே என்று உறைத்திருக்கலாம். எனக்குத் தெரியாது, அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அதிகாரியை நிமிர்ந்து பார்த்தார்.

'நான்தான்' என்றார். 'வெதக்கிறது நான், உழுவறது நான், அறுக்கறது நான். குத்தகை அளக்கறேன். இவரு வந்து வாங்கிட்டுப் போவாரு. வேற ஒண்ணும் இவருக்கு இதுல கெடையாது.'

'ங்க' இல்லை. 'ஆண்டே' இல்லை. அவர் பிறந்த நாளிலிருந்து பேசாத மாதிரிப் பேசினார். காரியஸ்தர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அத்தனை நாள் பூசிவைத்திருந்த இனிப்பெல்லாம் ஒரே நொடியில் உதிர்ந்து, களத்துமேட்டில் கேட்ட பழைய குரல் வந்தது.

'பாத்தீங்களா சார்? எவ்வளவு திமிரு பாத்தீங்களா? மாட்டுக்கொட்டாயில கெடந்த பய. திமிரு புடிச்ச நாயி!'

'மாட்டுக்கொட்டாயில கெடந்தது எங்கப்பா' என்றார் அப்பா. துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதிகாரி காரியஸ்தரை உட்காரச் சொன்னார். அப்பா சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, அவரிடம் கைநாட்டு வாங்கினார்கள். அம்மாவையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் சொன்னது ஒரு பக்கத்துக்கு மேல் போனது என்று ஞாபகம்.

திரும்பி வரும் வழியில் மலேயாக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அம்மா வேகமாக நடந்து போய் அவரை மறித்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

'எதுக்குச் சொன்னீங்க பாய்? ஒங்களுக்கு என்ன வேணும்?'

'ஒண்ணும் வேணாம், வழிய விடு.'

'அப்பறம் எதுக்கு மடைய அடைச்சீங்க? எதுக்கு என்னைத் திட்டல?'

அவர் நின்றார். எரிச்சலாகத்தான் சொன்னார். 'அந்தாளு டீ வாங்கிக் குடுத்தப்பவே எதுக்குன்னு தெரிஞ்சு போச்சு. சாட்சின்னு வந்தா உள்ளதச் சொல்லணும். நடுவுல உன்கிட்ட சண்டை போட்டா, அந்தக் கோவத்துல அங்க வந்து ஏதாவது ஏடாகூடமாச் சொல்லிடுவேனோன்னு பயமா இருந்துச்சு. அதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். போதுமா? நாளைலேர்ந்து மடையில கைய வெச்சுப் பாரு.'

அம்மாவுக்கு அப்பாடா என்று இருந்தது. அவள் முகத்தில் அதை நான் பார்த்தேன். அவர் சைக்கிளில் ஏறிப் போன பிறகும், 'இதுல வேற ஏதாவது இருக்குமோ?' என்று என்னிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். இருக்காது என்று சொன்னேன். எனக்கும் முழுசாக நம்பிக்கை இல்லை.

கொஞ்ச காலம் கழித்து எங்கள் அப்பாவின் பெயர் குத்தகைதாரராகப் பதிவாகிவிட்டது என்று தகவல் வந்தது. அது வந்த நாள் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. எனக்கு நினைவில் இருப்பது சாவடியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைய மத்தியானம்தான். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு, நடந்ததைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் எத்தனையோ பேரை மிராசுதார் பக்கத்தார் திமிர் பிடித்தவன் என்று சொல்லியிருக்கிறார்கள். கூலி உயர்த்திக் கேட்டவன், செருப்போடு தெருவில் நடந்தவன், பையனைக் காலேஜில் சேர்த்தவன், எல்லோருக்கும் அந்தப் பெயர் கிடைத்திருக்கிறது. அப்பாவை மட்டும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

'ஏய்' என்று உள்ளேயிருந்து அம்மாவைக் கூப்பிட்டார் அப்பா. சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது. 'அவரு என்னை என்ன சொன்னாரு?'

அவர் காதில் விழாமல் இல்லை. பதிலுக்குப் பதில் பேசியவர்தானே.

'திமிரு புடிச்சவன்னு சொன்னாரு' என்றாள் அம்மா.

'என்னையா?'

'ஒன்னையத்தான்யா.'

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, 'இன்னொரு தடவ சொல்லு' என்றார்.

அம்மா வாசலிலிருந்து உள்ளே வந்து, அவருக்கு எதிரில் உட்கார்ந்து, காரியஸ்தர் சொன்னதை அவர் குரலிலேயே முதலிலிருந்து சொல்லிக் காட்டினாள்.